மூக்கு கீழே போகட்டும்

1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், லார்க்ஹில் என்ற இடத்தில் ராணுவத்துக்கு விமானம் தேர்ந்தெடுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. கடற்படை லெஃப்டினன்ட் வில்ஃபிரட் பார்க், ஆவ்ரோ நிறுவனம் செய்த இரட்டை இறக்கை விமானத்தில் மூன்று மணி நேரச் சோதனையை முடித்துவிட்டுத் தரையிறங்க வந்தார். கூடவே ஒரு பார்வையாளரும் இருந்தார். சுமார் 700 அடி உயரத்தில் இடப்பக்கமாக வட்டமிட்டு இறங்கத் தொடங்கினார். இறக்கம் செங்குத்தாகிறது என்று தோன்றவே, மூக்கைத் தூக்கக் கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்தார். அந்தக் கணமே விமானம் தலைகுப்புறச் சாய்ந்து சுழன்றபடி விழுந்தது.

அந்தக் காலத்து விமானிக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்க் செய்து பார்த்தார். எஞ்சினை முழு விசைக்குக் கொண்டுபோனார். கட்டுப்பாட்டை வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்தார். ரட்டர் எனப்படும் வால் சுக்கானைத் திரும்பும் பக்கமாகவே வைத்திருந்தார். எதுவும் பலிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ரட்டரைச் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் முழுசாகத் தள்ளினார். சுழற்சி நின்றது. தரைக்கு ஏறக்குறைய 50 அடி இருக்கும்போது விமானம் நிமிர்ந்தது. அன்று களத்தில் இருந்த விமானிகளும் வல்லுநர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டு, எந்த நொடியில் எதைத் தொட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அதற்குமுன் இப்படி மாட்டிக்கொண்டவர்களில் திரும்பி வந்து விவரம் சொன்னவர்கள் அபூர்வம். பார்க் அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் கண்டறிந்த எதிர் ரட்டர் மட்டும் விமானப் பயிற்சியில் நிலைத்துவிட்டது.

இறக்கை தூக்காமல் போகும் ஸ்டால், பார்க் சிக்கியதுபோல் சுழன்று விழும் ஸ்பின், அடிப்படை வான சாகசம் மூன்றையும் இன்று கற்கப் போகிறவர்கள் முக்கியமாகப் பழகுவது ஒன்றைத்தான். கீழே விழும்போது மனிதக் கை தானாகவே பின்னால் இழுக்கும். அந்தக் கையை இழுக்காமல் இருக்கப் பழக்க வேண்டும்.

கோணம்தான் காரணம், வேகம் அல்ல

விமானம் ஸ்டால் ஆவதற்கும் எஞ்சின் நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் ஸ்டால் ஆகலாம். எஞ்சினே இல்லாத கிளைடரும் ஸ்டால் ஆகும். நின்றுபோவது இறக்கையின் வேலை.

ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, முன்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும். இன்னும் உயர்த்தினால் இன்னும் தூக்கும். ஓர் அளவுக்குமேல் தூக்குவது நின்று, கை பின்னால்தான் தள்ளப்படும். இறக்கையிலும் நடப்பது இதுதான். எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணத்தைத் தாக்குகோணம் என்பார்கள். சாதாரணப் பயிற்சி விமானங்களில் இது 15 முதல் 18 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பில் வழுக்கி ஓடிக்கொண்டிருந்த காற்று ஒட்டாமல் பிய்ந்துபோகும். தூக்குவிசை சட்டென்று குறையும், இழுவை எகிறும்.

பறத்தலின் முன்னோடியான ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தால் 1896 ஆகஸ்டில் இப்படித்தான் விழுந்தார். அவருடைய கிளைடர் காற்றில் மூக்கு உயர்ந்து நின்று, சுமார் 15 மீட்டரிலிருந்து கீழே விழுந்தது. மறுநாள் அவர் இறந்தார். ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை வாலில் வைக்காமல் முன்னால் வைத்ததற்கு இந்தச் சாவும் ஒரு காரணம்.

'ஸ்டால் வேகம்' என்று ஒரு எண்ணைக் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். நேராக, சமமாகப் பறக்கும்போதுதான் அது பொருந்தும். இறக்கையைச் சாய்த்துத் திரும்பினால், உயரம் குறையாமல் இருக்க, ஸ்டிக் எனப்படும் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் கோணம் கூடும். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பும் விமானத்தின் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் இந்தச் சாய்வில் 70 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். ஸ்டால் எந்த வேகத்திலும் வரும். கோணம் மட்டும் மாறாது.

வேண்டுமென்றே ஒரு ஸ்டால்

பயிற்சியில் இதை உயரமான வானத்தில், வேண்டுமென்றே செய்து பார்ப்பார்கள். முதலில் இருபக்கமும் திரும்பி, கீழேயும் சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று உறுதிசெய்துகொள்வார்கள். பிறகு எஞ்சின் விசையைக் குறைத்து, உயரம் குறையாதபடி ஸ்டிக்கை மெல்ல மெல்லப் பின்னால் இழுப்பார்கள். காற்றின் இரைச்சல் தணியும். கையில் ஸ்டிக் தொளதொளவென்று ஆகும். எவ்வளவு அசைத்தாலும் விமானம் சோம்பலாகத்தான் திரும்பும். எச்சரிக்கை ஒலி கேட்கும். பிய்ந்த காற்று வாலில் மோதுவதால் உடம்பு முழுக்க ஓர் அதிர்வு தெரியும். பிறகு மூக்கு தானாகவே கீழே சாயும்.

கற்பவருடைய கை இந்த நொடியில் செய்யத் துடிப்பது ஒன்றுதான்: இன்னும் இழுப்பது. அதைச் செய்தால் ஸ்டால் நீடிக்கும். ஸ்டிக்கை முன்னால் விட்டால் கோணம் குறைந்து காற்று மறுபடி இறக்கையில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் விசையைக் கூட்டி மெதுவாக நிமிர்த்தினால் வேலை முடிந்தது. நன்றாகப் பழகியவர் இருநூறு அடிக்குள் மீண்டுவிடுவார்.

அடுத்த பாடத்தைப் பயிற்சியாளர்கள் 'உதிரும் இலை' என்கிறார்கள். ஸ்டிக்கை முழுசாகப் பின்னால் பிடித்து ஸ்டாலை விடாமல் நீட்டிப்பார்கள். விமானம் தடுமாறி இறங்கும். ஒருமுறை இடது இறக்கை சரியும், மறுமுறை வலது. அதைக் கையால் சரிசெய்யக் கூடாது, கால் பெடல்களில் உள்ள ரட்டரால் மட்டுமே தாங்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. இடது இறக்கை சரிந்தால் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்க்கத் தோன்றும். அப்படிச் சாய்த்தால் இடது இறக்கை நுனியில் உள்ள எய்லரான் என்ற அசையும் பகுதி கீழே இறங்கும். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் அந்த இறக்கையின் கோணம் அதனால் இன்னும் கூடும். தூக்க நினைத்த இறக்கையே மேலும் ஸ்டால் ஆகிச் சரியும். பிற வேளைகளில் சரியாக வேலை செய்யும் கைப்பழக்கம் இங்கே விமானத்தை ஸ்பின்னுக்குள் தள்ளிவிடும்.

ஸ்பின் பிறக்கும் விதம்

ஸ்டாலும் பக்கவாட்டுத் திருகலும் சேர்ந்தால் ஸ்பின். ஸ்டால் ஆகும் நேரத்தில் மூக்கு இடப்பக்கம் திருகினால், இடது இறக்கை கீழே போகும். கீழே போகும் இறக்கைக்குத் தாக்குகோணம் அதிகம். ஆகவே அது அதிகமாக ஸ்டால் ஆகும், இழுவையும் அதில்தான் அதிகம். மேலே போகும் வலது இறக்கைக்குக் கோணம் குறைவு, தூக்குவிசை கொஞ்சம் மிச்சம் இருக்கும். இந்த வேறுபாடே விமானத்தைத் தொடர்ந்து உருட்டித் திருப்பிக்கொண்டிருக்கும். சுழற்சிக்கு எஞ்சினும் வேண்டாம், விமானியும் வேண்டாம்.

சிறிய பயிற்சி விமானம் ஒரு சுற்றுக்குச் சுமார் 3 நொடி எடுக்கும், ஏறத்தாழ 500 அடி இழக்கும். ஒரு நிமிடத்துக்கு 10,000 அடி என்ற கணக்கு. கண்ணாடி முழுக்கத் தரைதான் தெரியும். வயலும் சாலையும் சுழன்றுகொண்டே இருக்கும். விசித்திரம் என்னவென்றால், வேகமானி ஸ்டால் வேகத்தை ஒட்டிய ஒரு எண்ணில் நின்றுவிடும். ஸ்பின்னையும் செங்குத்துச் சுருள் இறக்கத்தையும் பிரித்தறிய இதுவே வழி. வேகமானி ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பின் அல்ல, சுருள் இறக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. சுருள் இறக்கத்தில் முதலில் சாய்வை நிமிர்த்திவிட்டுப் பிறகு மெதுவாக மூக்கைத் தூக்க வேண்டும். அதற்கு ஸ்பின் வைத்தியம் செய்தால் விமானம் இன்னும் வேகமெடுக்கும்.

பெரும்பாலான சிறு விமானங்களுக்கு மீட்பு நான்கு படி:

ஒன்று, எஞ்சின் விசையை முற்றிலும் குறைக்க வேண்டும். விசை இருந்தால் மூக்கு மேலெழும்பிச் சுழற்சி தட்டையாகிவிடும்.

இரண்டு, எய்லரான்களை நடுநிலையில் வைக்க வேண்டும்.

மூன்று, சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரட்டரை முழுசாக மிதிக்க வேண்டும். பாதி மிதித்துப் பார்க்கக் கூடாது, தடுப்பு வரைக்கும் மிதிக்க வேண்டும்.

நான்கு, ஸ்டிக்கை உறுதியாக முன்னால் தள்ளி ஸ்டாலை உடைக்க வேண்டும்.

சுழற்சி நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் எதிர்ப்பக்கம் புது ஸ்பின் தொடங்கும். பிறகு செங்குத்தாக இறங்கும் விமானத்தை நிதானமாக நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் இன்னொரு ஸ்டால் வரும், அல்லது இறக்கைக்குத் தாங்க முடியாத பாரம் விழும்.

நான்காவது படிதான் மனத்துக்கு மிகக் கடினம். தரை நேராக முகத்துக்கு எதிரே சுழலும்போது ஸ்டிக்கை அந்தத் தரையை நோக்கித் தள்ளச் சொல்கிறது பாடம். படித்தால் மட்டும் இது வராது, கையால் செய்து பார்க்க வேண்டும்.

உள்காதும் ஏமாற்றும். சில சுற்றுகள் சுழன்று நின்றதும், எதிர்ப்பக்கம் சுழல்வதுபோல உடம்பு சொல்லும். அதை நம்பி ரட்டரை மாற்றி மிதித்தால் பழைய ஸ்பின்னுக்கே போய்விடலாம். அதனால் கண்ணும் திருப்பமானியும் சொல்வதை மட்டுமே நம்பப் பழக்குவார்கள்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் உயிர் விஷயம். செஸ்னா 172 விமானத்தில் ஸ்பின் பயிற்சிக்கு அனுமதி உள்ள வகைகளில்கூட, பின்னிருக்கையில் ஆள் இருக்கக் கூடாது. எடை பின்னால் போனால் சுழற்சி தட்டையாகி, எந்தப் படியும் வேலை செய்யாமல் போகலாம்.

பயிற்சி வேண்டுமா, வேண்டாமா?

இந்த அறிவு ஒரே நாளில் வரவில்லை. முதல் உலகப் போரின்போது இயற்பியலாளர் ஃபிரெடரிக் லிண்டமன் விமானம் ஓட்டக் கற்று, 1917இல் ஃபார்ன்பரோவில் தானே ஸ்பின்னில் இறங்கி, கருவிகள் காட்டிய அளவுகளைக் குறித்துவந்தார். பிற்காலத்தில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர் இவர்தான். அதே ஆண்டில் காஸ்போர்ட் பயிற்சிப் பள்ளியில் ராபர்ட் ஸ்மித்-பாரி ஒரு புரட்சி செய்தார். ஆபத்திலிருந்து மாணவரை விலக்கி வைப்பதை விட்டு, ஆபத்தை உண்டாக்கி அதிலிருந்து வெளிவரக் கற்றுக்கொடுத்தார். ஸ்பின் அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

1949இல் அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. சாதாரண விமானி உரிமத்துக்கு ஸ்பின் கட்டாயம் என்ற விதியை நீக்கியது. இன்றும் அங்கே விமானப் பயிற்சியாளராக விரும்புகிறவர் மட்டுமே ஸ்பின் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஸ்டாலை உணர்ந்து தவிர்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும் என்பது வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. உயிர் குடிக்கும் ஸ்பின்கள் பெரும்பாலும் தரைக்கு அருகில்தான் தொடங்குகின்றன. தரையிறங்கும் வட்டத்தின் கடைசித் திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்காற்று தள்ளியதில் விமானம் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிப் போகிறது. அதிகம் சாய்க்கப் பயந்த விமானி ரட்டரை மிதித்து மூக்கைத் திருப்புகிறார். மூக்கு கீழே போகிறது, அதைத் தூக்க இழுக்கிறார். ஸ்டால், திருகல் இரண்டும் ஒரே நேரத்தில் தயார். 500 அடியில் ஒரு சுற்றுக்கே இடம் இல்லை. நான்கு படியும் மனப்பாடமாகத் தெரிந்தவரும் அங்கே தப்ப முடியாது.

ஆனால் எதிர்வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. ஸ்பின் எப்படித் தொடங்கும் என்பதை 5,000 அடியில் தன் கை காலால் உணர்ந்தவர்தான், 500 அடியில் கால் தவறான பெடலை நோக்கி நகரும்போது அதை அடையாளம் கண்டு நிறுத்துவார். ஸ்பின் பயிற்சியின் உண்மையான பயன் ஸ்பின்னுக்குள் போகாமலிருப்பது.

தலைகீழாகப் பார்க்கும் பாடம்

வான சாகசம் இதன் அடுத்த வகுப்பு. 1913 செப்டம்பர் 9 அன்று கீவ் நகரில் பியோத்தர் நெஸ்தெரோவ் என்ற ரஷ்ய ராணுவ விமானி நியூபோர்ட் விமானத்தில் உலகின் முதல் லூப்பை, அதாவது செங்குத்து வட்டத்தை, போட்டார். அரசுச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கியதாக முதலில் தண்டனை விதித்தார்கள். பிறகு பதவி உயர்வு கொடுத்தார்கள். சில நாட்களிலேயே பிரான்சின் அடால்ஃப் பெகூவும் லூப் போட்டுக்காட்டினார்.

லூப் போடப் பயிற்சி விமானத்தை மூக்கு தாழ்த்தி 120 நாட் அளவுக்கு வேகமெடுக்க வைத்து, ஸ்டிக்கைச் சீராக இழுப்பார்கள். உடம்பின் எடை மூன்றரை மடங்காகக் கூடும். கன்னம் தொங்கும், கை தூக்கக் கனக்கும். முன்னே வானம் மட்டும் தெரிவதால் தலையைத் திருப்பி இறக்கை நுனியைப் பார்த்து வளைவை அளப்பார்கள். உச்சியில் இழுப்பைத் தளர்த்த வேண்டும். அங்கே வேகம் குறைவு, தொடர்ந்து இழுத்தால் தலைகீழ் நிலையிலேயே ஸ்டால் ஆகும். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துத் தொடுவானத்தைத் தேட வேண்டும். கீழிறங்கும்போது எஞ்சினைக் குறைக்க வேண்டும். வட்டம் சரியாக வந்திருந்தால் முடிவில் விமானம் ஒருமுறை குலுங்கும். தொடங்கிய இடத்தில் தான் கலக்கிவிட்ட காற்றிலேயே திரும்ப வந்து மோதுகிறது என்று அர்த்தம். மாணவருக்கு அந்தக் குலுக்கல்தான் மதிப்பெண்.

விமானத்தைப் பக்கவாட்டில் முழுச் சுற்று உருட்டும் ரோலில் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி, இழுப்பை விட்டுவிட்டு, ஸ்டிக்கை ஒரு பக்கமாக முழுசாகச் சாய்ப்பார்கள். விமானம் உருளும்போது இழுக்கவே கூடாது. தலைகீழாக இருக்கும்போது இழுத்தால் மூக்கு தரையை நோக்கிப் போகும். எதிர்பாராமல் பெரிய விமானத்தின் சுழல்காற்றில் சிக்கிக் கவிழ்ந்துபோன விமானிக்கும் இதுவே தேவைப்படும்: இழுக்காமல், உருட்டி நிமிர்த்துவது.

இதற்கெல்லாம் எல்லா விமானமும் உதவாது. சாதாரண வகைச் சிறு விமானம் எடையின் 3.8 மடங்கைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. சாகச வகை விமானம் 6 மடங்கைத் தாங்கும். அமெரிக்க விதிப்படி 1,500 அடிக்குக் கீழே சாகசம் கூடாது. விமானிக்குத் துணையாக வேறொருவரும் இருந்தால், 60 டிகிரிக்கு மேல் சாய்க்கும் வேலைக்கு இருவரும் பாரசூட் அணிந்திருக்க வேண்டும்.

பெரிய விமானங்களுக்கும் இதே பாடம்

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் தரையிறங்க வந்தபோது ஸ்டால் எச்சரிக்கை வந்தது. கேப்டன் தள்ள வேண்டியதற்குப் பதிலாக இழுத்தார். 50 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்தது. வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, தானியங்கி ஓட்டி விலகியது. துணை விமானி மூக்கைத் தூக்கினார். விமானம் 38,000 அடி வரை ஏறி ஸ்டால் ஆனது. எச்சரிக்கை ஒலித்தும் ஸ்டிக் பெரும்பாலும் பின்னாலேயே இருந்தது. மூன்றரை நிமிடம் விழுந்து, 228 பேருடன் கடலில் மோதியது. எஞ்சின்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த விபத்துகளுக்குப் பிறகுதான் நிலை குலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சி பெரிய விமானங்களின் விமானிகளுக்கும் கட்டாயமாகத் தொடங்கியது. ஐரோப்பாவில் 2019 டிசம்பரிலிருந்து விமான நிறுவனங்களின் விமானி ஆகிறவர் நிஜ விமானத்தில் குறைந்தது 3 மணி நேரம் இதைச் செய்திருக்க வேண்டும்.

விமானத்தை வடிவமைப்பவர்களுக்கும் ஸ்பின் எளிதில் பிடிகொடுப்பதில்லை. பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தின் இடைநிலை ஜெட் பயிற்சி விமானம் 2003இல் முதலில் பறந்தது. 2011 ஏப்ரலில் அதன் மாதிரி ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். ஸ்டால், ஸ்பின் சிக்கலே இந்தத் திட்டத்தைப் பல ஆண்டுகள் முடக்கியது. வால் துடுப்பைப் பின்னால் நகர்த்தி, ரட்டரை நீட்டித்து மாற்றியமைத்த விமானம் 2019இல் மீண்டும் பறந்தது. 2022 தொடக்கத்தில் இடமும் வலமுமாக ஆறு சுற்று ஸ்பின் போட்டு மீண்டதாக நிறுவனம் அறிவித்தது. ஸ்பின்னிலிருந்து மீளாத விமானத்தைப் பயிற்சிக்கு ஏற்க முடியாது என்பதற்காகவே இத்தனை காலமும் உழைப்பும்.

விமானம் ஓட்டக் கற்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையையோ வேறு எந்த எழுத்தையோ நம்பி ஸ்பின்னைத் தனியாக முயலாதீர்கள். ஸ்பின்னுக்கு அனுமதி உள்ள விமானம், அதை வாடிக்கையாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர், போதிய உயரம் மூன்றும் இருந்தால் மட்டும் போங்கள். மேலே சொன்ன நான்கு படிகள் பொதுவானவை. உங்கள் விமானத்தின் கையேடு சொல்லும் முறையே அந்த விமானத்துக்குச் சட்டம். முந்திய இரவு நன்றாகத் தூங்குங்கள், வெறும் வயிற்றிலும் போக வேண்டாம், முட்டச் சாப்பிட்டுவிட்டும் போக வேண்டாம். தலை சுற்றினால் உடனே சொல்லிவிடுங்கள், பாடத்தை நாளைக்கும் தொடரலாம். உரிமத்துக்கு விதி கேட்கிறதோ இல்லையோ, தனியாகப் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்குமுன் ஒருமுறையாவது இந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.